சீரியல் எந்த இடத்தில் கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

தக்கலை தையல்கடை:

நெடுநாள் ஓடுகிற ஒரு சீரியலை "கெட்டுப்போச்சு" என்று எல்லாரும் சொல்கிறோம். எந்த வாரம் கெட்டது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. எங்கள் வீட்டிலேயே மூன்று பதில் இருக்கிறது. மைனிக்கு நடிகை மாறக்கூடாது. "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்து வந்துவிட்டால் அன்றோடு அந்தக் கதையை விட்டுவிடுவாள். மாமிக்கு, வில்லியைப் போலீஸ் பிடித்துவிட்டு இரண்டே நாளில் வெளியே விட்டால் ஆகாது. கல்லூரியில் படிக்கிற மகள் டிஆர்பி பட்டியலைக் காட்டி, "நம்பர் நல்லாத்தான இருக்கு, பிறகு எப்படிம்மா மோசம்னு சொல்லுவ?" என்கிறாள்.

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்றும் எனக்குப் போதவில்லை.

நான் வீட்டு முன்னறையில் தையல் போட்டிருக்கிறேன். மெஷினுக்கு எதிரே டிவி. கையும் கண்ணும் துணியில் இருப்பதால் காதுதான் சீரியல் பார்க்கும். அப்படியே எனக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. நன்றாகப் போகிற சீரியலைக் காதாலேயே தொடரலாம். யார் உள்ளே வந்தது, யாருக்கு யார்மேல் கோபம், எதை மறைக்கிறார்கள் எல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். நிமிர்ந்து பார்க்கவேண்டிய இடத்தில் தலை தானாக நிமிரும். கெட ஆரம்பித்த சீரியலில் பேச்சு குறைந்து சத்தம் கூடும். ஒருத்தி கதவைத் திறப்பாள், இடி இடிக்கும். அப்புறம் அந்த அறையில் நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக ஒரு இடி. அதற்குள் நான் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்து அடித்திருப்பேன். கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழசெல்லாம் நல்லதாகத் தோன்றுவது வழக்கம்தானே என்று கேட்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க 2020இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மார்ச் 19 முதல் படப்பிடிப்பு எல்லாம் நின்றுபோய், கையில் எபிசோடு இல்லாமல் சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. 2002 முதல் 2005 வரை அது முதன்முதலாக ஓடியபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஊரடங்கில் பார்த்தபோது நான் ஒரு வீட்டு மருமகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தாய். மாஸ்க் தைத்துக்கொண்டேதான் கேட்டேன். முன்பு, மகள்களில் ஒருத்தியான சரோ புருஷன் மாணிக்கம் வீட்டில் படுகிற பாட்டைப் பார்த்து அவளுக்காகத்தான் பதறுவேன். இந்த முறை ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அந்த அப்பா பேசுகிற பேச்சு கையை நிறுத்தியது. பின்பகுதியில் இழுவையும் இருந்தது, 800 எபிசோடுக்கு மேல் போன கதை அல்லவா. அந்த இழுவையும் காதிலேயே தெரிந்தது. ஆகவே எல்லாம் பழைய பாசம் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கதையில் உரம் இருந்தது.

சரி, உங்களுடைய கணக்கு என்ன? எந்தக் காட்சி, எந்த மாற்றம், எதைப் பார்த்ததும் "இதோ இங்கேதான்" என்று பட்டது? சீரியல் எல்லாமே குப்பை என்கிறவர்கள் வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம். தினமும் உட்கார்ந்து பார்க்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

கருங்கல் கேபிள்:

அக்கா, நான் ரொம்ப வருஷம் கேபிள் லைன் பார்த்தவன். எனக்கு அளவுகோல் போன்தான். நம்ம பக்கம் ஆனி, ஆடி மழையிலும் லைன் போகும், ஐப்பசி மழையிலும் போகும். தென்னை மட்டை விழுந்தால் போதும். 'கோலங்கள்' நன்றாக ஓடிய காலத்தில் ராத்திரி லைன் அறுந்தால், ஏணியை எடுக்குமுன்னே போன் வந்துவிடும். "அபி என்ன சொன்னாள்னு தெரியாம எப்படித் தம்பி தூங்குவது?" என்று ஒரு பாட்டி கேட்டார். புருஷனை விட்டுப் பிரிந்து, தன் கையால் கட்டிடத் தொழிலில் முன்னுக்கு வருகிற ஒருத்தியின் கதை அது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் கொட்டை உடைத்துவிட்டு வருகிற பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்போலப் பார்த்தார்கள்.

2003இல் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது, 1500 எபிசோடுக்கு மேல். கடைசிக் காலத்தில் வில்லன் ஆதி பழிவாங்குவது, அபி தப்பிப்பது, மறுபடி ஆதி என்று சுற்றியபோது அதே வீடுகளில் லைன் போனால், "காலையில வந்து பார்த்தா போதும் தம்பி" என்றார்கள். பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. லைன் சரியாக இருந்தால் டிவி ஓடத்தான் செய்தது. அவசரம்தான் போய்விட்டது.

மகள் சொல்கிற டிஆர்பிக்கும் இதுதான் பதில். இப்போது அந்தக் கணக்கை எடுப்பது பார்க் (BARC) என்கிற அமைப்பு. இந்தியா முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனல்காரர்கள் நிகழ்ச்சியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்புவார்கள். மீட்டர் அதைப் பிடித்து இன்ன சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் யார் பார்க்கிறார்கள் என்பதற்கு ரிமோட் மாதிரி ஒன்றில் ஆளுக்கு ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கிவிட்டு ஒருவர் கண்கொட்டாமல் பார்த்தாலும், மீன் கழுவிக்கொண்டிருந்தாலும், மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பழக்கத்தில் டிவியைப் போட்டு வைத்திருக்கிற வீடுகள் இருக்கும்வரை நம்பர் உடனே இறங்காது. கதை முதலில் கெடும், நம்பர் பின்னால்தான் விழும்.

குழித்துறை சேச்சி:

நாங்கள் இந்தப் பக்கம் ஏசியாநெட், ஃப்ளவர்ஸ், மழவில் மனோரமா பார்க்கிறவர்கள். ஆகவே மலையாளத்திலிருந்து சொல்கிறேன்.

'உப்பும் முளகும்' 2015 கடைசியில் தொடங்கியபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான். அதில் அப்பாவாக வருகிற பாலு நெய்யாற்றின்கரைக்காரன், அவன் பேசுகிற பேச்சு எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு. பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஒரு நாள் கரண்டு பில், ஒரு நாள் பிள்ளைகளின் மார்க், ஒரு நாள் சோம்பலாய்க் கிடக்கிற அப்பாவை அம்மா விரட்டுவது. மகள் லெச்சுவின் கல்யாணத்தைப் பெரிய விழா மாதிரிக் காட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பெண் வரவில்லை. எனக்கு அங்கேதான் சரிந்தது. ஒரு ஆள் குறைந்ததற்காக நான் இதைச் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த மகள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சு வரும், பண்டிகைக்கு வருவாளா என்று அம்மா போன் பண்ணுவாள். அந்த ஏக்கத்தை அவர்கள் போதுமான அளவுக்குக் காட்டவில்லை. சிரிப்பு மட்டும் பழையபடி நடந்தது.

'பரஸ்பரம்' எல்லாருக்கும் நினைவிருக்கும். தமிழில் 'என் கணவன் என் தோழன்' என்று டப்பிங்கில் வந்ததே, அந்த இந்திக் கதையின் மலையாள வடிவம். அதிகம் படிக்காத கணவன், போலீஸ் அதிகாரியாக ஆசைப்படுகிற மனைவி. தொடக்கத்தில் நல்ல கொள்ளாம் கதை. மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் படிக்கிற காட்சிகளை என் அக்கா மக்கள் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் பார்த்தார்கள். 2018இல் முடித்தபோது வெடிகுண்டு மாத்திரை என்று ஒன்றைக் கொண்டுவந்து நாயகன் நாயகி இருவரையும் வெடிக்க வைத்தார்கள். ஊரெல்லாம் அந்தக் கடைசிக் காட்சியைத்தான் அனுப்பிச் சிரித்தது. ஆனால் அது அன்றைக்குக் கெட்டதில்லை. அந்தப் பெண் எதற்காகப் படித்தாள் என்பதை எழுதுகிறவர்கள் மறந்த நாளில் கெட்டது, கடைசி நாளில் வெளியே தெரிந்தது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 'மறிமாயம்' 2011 முதல் வருகிறது. அரசு அலுவலகங்களில் சாதாரண ஜனங்கள் படுகிற பாடுதான் கதை. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, அதே ஆட்கள் ஒரு வாரம் வில்லேஜ் ஆபீஸில், இன்னொரு வாரம் வேறு ஆபீஸில். நடுவில் சுமாரான எபிசோடுகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அடுத்த வாரம் தேறிவிடும், ஏனென்றால் போன வாரத்துப் பிழையை இந்த வாரம் சுமக்க வேண்டியதில்லை. தினசரி மெகா சீரியலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு வாரம் அவசரத்தில் ஒரு ஆள்மாறாட்டத்தை எழுதிவிட்டால், அடுத்த ஆறு மாதம் அதைக் காப்பாற்றவே கதை எழுத வேண்டும்.

வடசேரி வாசகன்:

நடிகர் மாறினால் கெட்டது என்று சொல்லும் மைனிக்கு ஒரு மறுப்பு. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில், முல்லையாக நடித்த சித்ரா இறந்தபோது எங்கள் வீட்டில் சொந்தத்தில் ஒருவர் போனதுபோல இருந்தது. பதிலாகக் காவ்யா வந்தார், அவருக்குப் பிறகு லாவண்யா. எங்கள் அம்மா முதல் வாரம் பார்க்கவே மாட்டேன் என்றார், பிறகு பார்த்தார். அண்ணன் தம்பி, ஒரே கடை, ஒரே அடுப்பு என்கிற அடிப்படை அப்படியே நின்றதால் ஆள் மாறியதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

'எதிர்நீச்சல்' வேறு மாதிரி. 2022 பிப்ரவரியில் தொடங்கியது. வீட்டை அடக்கி ஆள்கிற ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பில் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது. மாரிமுத்து போனதோடு சீரியல் போச்சு என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு பெண்கள் ஒரு வீட்டுக்குள் மூச்சுவிட இடம் தேடுகிற கதை அது. நந்தினி சமையல்கட்டில் நின்று பேசுகிற ஒவ்வொரு வரியும் நம் வீடுகளில் கேட்டதுதான். அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு என்று ஒன்று வந்தது. பத்திரம், கையெழுத்து, ரேகை என்று வாரக்கணக்கில் சுற்றினார்கள். நான்கு பெண்களின் கதை அந்தப் பத்திரத்துக்குக் காத்துக்கொண்டு நின்றது. சரிவு அங்கே ஆரம்பித்துவிட்டது. மாரிமுத்துவின் குரலும் அந்த "ஏய் இந்தாம்மா"வும் அதைத் தெரியாமல் மூடி வைத்திருந்தன. அவர் போனபிறகு எல்லாருக்கும் தெரிந்தது. வேல ராமமூர்த்தியைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு மனிதர் தன் உடம்பாலும் குரலாலும் கட்டிய ஒன்றை இன்னொருவர் மறுநாள் வந்து சுமக்க முடியாது.

தோவாளை:

எல்லாரும் சீரியலையே பேசுகிறீர்கள். பார்க்கிற நாம் மாறவில்லையா? 'சித்தி' 1999இல் வந்தபோது ராத்திரி ஒன்பதரைக்கு எங்களுக்கு அது ஒன்றுதான். செல்போன் கிடையாது, யூடியூப் கிடையாது. இன்றைக்கு அதே கதையை அதே மாதிரி எடுத்துப் போட்டால் எத்தனை பேர் கையிலிருக்கிற போனைக் கீழே வைப்பார்கள்? ஒரு நாளுக்கு இருபது நிமிஷம் படம், வாரத்துக்கு ஐந்து நாளாய் இருந்தது ஆறு நாள், ஏழு நாள் என்று ஆகிவிட்டது. அந்த வேகத்தில் எடுக்கிறவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாதி, நமக்குப் பொறுமை போனதால் வருகிற குறை.

தக்கலை தையல்கடை:

எல்லாருக்கும் நன்றி. தோவாளைக்காரர் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும், அது சரியான கேள்வி. பொறுமை போனது உண்மைதான். ஆனால் என் பொறுமைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அடையாளத்தைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

இப்போது ஓடுகிற ஒரு சீரியல், பேர் வேண்டாம். நாயகி இட்லிக் கடை நடத்துகிறவள். முதல் வருஷம் அவள் ஒரு மெரூன் கலர் ப்ளவுஸ் போடுவாள். ஒரு காட்சியில் அவள் முதுகைக் காட்டித் திரும்பினாள். பக்கத் தையலைப் பிரித்து அகலம் விட்டிருந்தது தெரிந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் துணி வெளுக்காமல், கோடு போட்டதுபோல ஆழ்ந்த நிறத்தில் இருக்கும். அந்தக் கோடு அப்படியே இருந்தது. பிள்ளை பெற்றபிறகு உடம்பு வைத்த பெண்கள் என்னிடம் கொண்டுவருகிற பழைய ப்ளவுஸில் தினமும் பார்க்கிற கோடு அது. வசனத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவளுக்குப் புதுத்துணி எடுக்க வழியில்லை என்று அந்தக் கோடு சொல்லிவிட்டது. உடுப்பு பார்த்துக்கொள்கிற யாரோ ஒருவர் கதையைப் படித்து, யோசித்து, அந்த ப்ளவுஸை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ப்ளவுஸ் மறுபடி மறுபடி வந்தது. கடையில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பீஸ் கட்ட அவகாசம் கேட்கிற அன்றைக்கு ஒரு நாள், இன்னொரு நாள் வேறு புடவைக்கு.

அப்புறம் கதையில் கடன் ஏறியது, வீடு ஏலத்துக்கு வந்தது, தாலியை அடகு வைத்தாள். மறுநாள் எபிசோடில் அவள் போட்டுவந்தது ஆரி ஒர்க் ப்ளவுஸ். கை முழுக்க ஜரிகை, முத்து, முதுகில் குஞ்சம். அந்த வேலையை ஃபிரேமில் கட்டி உட்கார்ந்து போட்டால் ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இந்தப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்குத்தான் கேட்பார்கள், கூலி ஆயிரக்கணக்கில். தாலியை அடகு வைத்தவள் அதைப் போட்டுக்கொண்டு வட்டிக்காரனிடம் அழுகிறாள். அதற்குப் பிறகு ஒரு ப்ளவுஸும் இரண்டாம் முறை வரவில்லை. கடன் மட்டும் வசனத்தில் ஏறிக்கொண்டே போனது.

அந்த இடைவெளியில் எனக்குப் பொறுமை அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை, வீடும் அதே வீடு, மெஷினும் அதே மெஷின். மாறினது எதிரே இருந்தது.

குழித்துறை சேச்சி சொன்ன லெச்சு விஷயமும் எனக்கு இதோடு சேர்கிறது. நேற்று நடந்தது இன்றைக்கு அந்த ஆள்மேல் ஒட்டியிருக்க வேண்டும். மகள் போன வீட்டில் அந்தக் குறை தெரியவேண்டும், கடன்பட்டவள் உடம்பில் கடன் தெரியவேண்டும். மாமியின் குறையும் அதேதான். 'தெய்வமகள்' வில்லி 'அண்ணியார்' காயத்ரியை அவர்கள் அத்தனை ரசித்துப் பார்த்தார்கள், அண்ணியார் வந்தாலே நாற்காலியை முன்னே இழுத்துப் போடுவார்கள். எத்தனை தடவை மாட்டினாலும் அவளுக்கு எதுவும் நஷ்டமாகவில்லை என்று ஆனபிறகு, "இவ என்ன செஞ்சா என்ன, நாளைக்கும் இப்படியேதான் வருவா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்கள். பயம் போனபிறகு வில்லிக்கு என்ன வேலை?

தோவாளைக்காரர் சொன்ன வேகமும் எனக்குப் புரிகிறது. வாரம் முழுக்க ஒளிபரப்பு என்றால் முன்பு எடுத்ததை யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? போன மாதம் அவள் என்ன போட்டிருந்தாள், யாரிடம் எவ்வளவு வாங்கினாள் என்று நோட்டில் எழுதி வைக்கிற உதவி இயக்குநருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அது ஏன் நடக்கிறது என்பதற்குக் காரணம். நடந்துவிட்டது என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் முதல் வருஷம் அதே ஆட்கள் அதை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேபிள் அண்ணன் சொன்ன மீட்டர் விஷயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பொத்தான் அமுக்குவது அவளுக்கும் புதுச் செய்தி. இனி நம்பர் பட்டியலோடு, 50ஆவது எபிசோடையும் 700ஆவது எபிசோடையும் ஆப்பில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.

எனக்குத் துணி தெரியும், அதனால் துணியில் கண்டேன். மற்றவர்களும் அவரவர் தொழிலில் எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நர்ஸ், குளச்சல் பக்கம்:

அக்கா, நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு ஆஸ்பத்திரிக் காட்சிகள்.

நான் பார்த்துவந்த ஒரு சீரியலில் முதல் வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் பேசியது கொஞ்சம்தான். மகள் பில் கவுண்டரில் நின்று, முன்பணம் கட்டச் சொன்ன சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் எடுக்கவில்லை. எங்கள் கவுண்டர் முன்னால் ராத்திரி ஒரு மணிக்கு நிற்கிற ஜனங்களை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்தபிறகும் மாத்திரை டப்பா ஜன்னல் திட்டில் இருந்துகொண்டே இருந்தது, படி ஏறினால் அவர் நடுவில் நின்றுவிடுவார்.

அதே சீரியலில் மூன்றாம் வருஷம் தம்பி கோமாவில் விழுந்தான். மாதக்கணக்கில் கிடந்தான். மூக்கில் சாப்பாட்டு டியூப் இல்லை, யூரின் பை இல்லை, முகத்தில் ஒரு ஆக்சிஜன் மாஸ்க் மட்டும். அப்படிக் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதைச் செய்ய ஒரு நர்ஸையும் காட்டவில்லை, வீட்டு ஆளையும் காட்டவில்லை. ஒரு நாள் யாரோ அழுததும் கண்ணைத் திறந்தான், அதே வாரம் எழுந்து நடந்து போய் வில்லனை அடித்தான். இத்தனை நாள் படுத்தவருக்குக் கையில் டம்ளர் பிடிக்கவே பிசியோதெரபி வேண்டும்.

டியூப் இல்லாததை மன்னித்துவிடலாம், டிவியில் எல்லாவற்றையும் காட்ட முடியாது. ஆனால் அத்தனை மாதத்தில் ஒருவர்கூடப் பில் எவ்வளவு என்று கேட்கவில்லை. முதல் வருஷம் மூன்று நாள் அட்மிஷனுக்குச் சங்கிலியை விற்ற குடும்பம் அது. அந்த வாரத்தோடு நான் நிறுத்திவிட்டேன். அம்மா இன்னும் பார்க்கிறார்கள். நான் டூட்டி முடிந்து வந்து கதை என்னாச்சு என்று கேட்டால், "அப்படியேதான் இருக்கு பிள்ளே" என்கிறார்கள்.